மின்வெட்டுக்கு வாங்கிய பேட்டரிப் பெட்டி மின்சாரத்தை இழுத்த கதை: பள்ளிக்கரணை வீடு ஒன்றின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

பள்ளிக்கரணையில் ஓர் அடுக்ககத்தின் இரண்டாம் தளத்தில் வசிக்கும் குடும்பம் இது. ஓய்வுபெற்ற ஆசிரியர், இன்சுலின் எடுத்துக்கொள்ளும் அவருடைய மனைவி, வீட்டிலிருந்தே வேலை பார்க்கும் மகள் என வீட்டில் மூன்று பேர். 2023 டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் புயலின் மழையில் தென்சென்னையின் தாழ்வான பகுதிகள் நீரில் மூழ்கி, பல தெருக்களில் மின்சாரம் நாள்கணக்கில் நிறுத்தி வைக்கப்பட்டபோது, இவர்கள் தெருவும் அதில் ஒன்றாக இருந்தது. பிரிக்காத இன்சுலின் குப்பிகளை 2 முதல் 8 டிகிரி செல்சியஸுக்குள் வைத்திருக்க வேண்டும் என்பதால், அந்த நாட்களில் ஃபிரிட்ஜ் நின்றுபோனதே குடும்பத்துக்குப் பெரிய கவலையாக இருந்திருக்கிறது. அடுத்த மழைக்காலத்துக்குள் ஏதேனும் ஏற்பாடு செய்துவிட வேண்டும் என்று அப்போதே முடிவு செய்தார்கள்.

வீட்டில் பழைய லெட் ஆசிட் பேட்டரி இன்வெர்ட்டர் வைக்க இடமில்லை. தண்ணீர் ஊற்றிப் பராமரிக்கவும் ஆளில்லை. ஆகவே 2024 ஜூன் இறுதியில் ‘பவர் ஸ்டேஷன்’ என்ற பெயரில் விற்கப்படும் கருவி ஒன்றை வாங்கினார்கள். பேட்டரி, இன்வெர்ட்டர், சார்ஜர், சோலார் கட்டுப்பாட்டுக் கருவி ஆகிய நான்கும் ஒரே பெட்டிக்குள் அடங்கியது அது. லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகைப் பேட்டரி. கொள்ளளவு 2,048 வாட்-மணி. அதாவது ஏறத்தாழ இரண்டு யூனிட். அதனுடன் 335 வாட் சோலார் பேனல்கள் இரண்டை, குடியிருப்போர் சங்கத்தின் ஒப்புதலுடன் மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டிக்கு அருகே பொருத்தினார்கள். பேனல்களிலிருந்து வரும் கம்பி நேராகப் பெட்டியின் சோலார் துளைக்குள் செல்கிறது. மின்வாரியத்துக்கு மின்சாரத்தைத் திருப்பி அனுப்பும் ஏற்பாடு எதுவும் இதில் இல்லை.

பெட்டியின் ஏசி (மாறுமின்சார) உள்ளீடு ஹாலில் இருந்த 16 ஆம்பியர் பவர் பிளக்கில் செருகப்பட்டது. பெட்டியின் வெளியீட்டில் ஃபிரிட்ஜ், வைஃபை ரூட்டர், ஹாலின் ஒரு ஃபேன், ஒரு எல்இடி விளக்கு ஆகியவை இணைக்கப்பட்டன. இவை நான்கும் சேர்ந்து நாளொன்றுக்குச் செலவழிப்பது ஏறத்தாழ 1.75 யூனிட், அதில் ஃபிரிட்ஜின் பங்கு மட்டும் 1.1.

விற்றவர் சொன்ன கணக்கு எளிமையானது. பேனல்கள் தினமும் இரண்டரை யூனிட்டுக்குக் குறையாமல் தரும். ஆகவே இரண்டு மாத ரீடிங்கில் 150 யூனிட் குறையும். பேனல்களைப் பொறுத்தவரை இந்தக் கணக்கில் பெரிய பிழை இல்லை. தமிழ்நாட்டின் வெயிலில், நிழலற்ற இடத்தில் ஒரு கிலோவாட் பேனல் நாளொன்றுக்குச் சராசரியாக நான்கு யூனிட் அளவில் தரும் என்பது இத்துறையில் எல்லோரும் கைக்கொள்ளும் அளவுகோல்தான். ஆனால் பெட்டியில் இணைத்திருக்கும் சாதனங்களே 1.75 யூனிட்தான் செலவழிக்கும்போது, பேனல் எவ்வளவு தந்தாலும் அதற்கு மேல் ரீடிங் குறைய வழியில்லை என்பதை யாரும் அப்போது எடுத்துச் சொல்லவில்லை.

முதல் ரீடிங்

2024 ஜூலை, ஆகஸ்ட் மாதங்களுக்கான ரீடிங் 521 யூனிட் என்று வந்தது. முந்தைய ஆண்டு இதே இரண்டு மாதங்களில் அது 478. சோலார் வைத்த பிறகு குறைந்திருக்க வேண்டிய அளவு 43 யூனிட் கூடியிருந்தது.

கட்ட வேண்டிய தொகையோ யூனிட் கூடிய விகிதத்தைக் காட்டிலும் அதிகமாக உயர்ந்திருந்தது. இதற்கு இரண்டு காரணங்கள் இருந்தன; பெட்டியைக் குறை சொல்வதற்கு முன் இவற்றைத் தனியே பிரித்து வைக்க வேண்டியிருந்தது. ஒன்று, 2024 ஜூலை 1 முதல் தமிழ்நாட்டில் மின் கட்டணம் சுமார் 4.83 சதவீதம் உயர்த்தப்பட்டது. மற்றொன்று, இரு மாத நுகர்வு 500 யூனிட்டைத் தாண்டும் வீடுகளுக்குக் கட்டண அடுக்கே மாறிவிடுகிறது. 500க்குள் இருப்பவர்களுக்கு 101 முதல் 200 யூனிட் வரை கிடைக்கும் மிகக் குறைந்த கட்டணம், 501ஆவது யூனிட்டைத் தொட்டவர்களுக்குக் கிடைப்பதில்லை. கூடுதல் யூனிட்டுகளின் விலையும் மேல் அடுக்குக்குப் போய்விடும். இந்த வீடு அந்தக் கோட்டைத் தாண்டியது 21 யூனிட்டால்தான். ஆகவே பில் தொகையை வைத்துக்கொண்டு ஆராய்வது பயனற்றது என்றும், யூனிட் கணக்கை மட்டுமே பார்ப்பது என்றும் தொடக்கத்திலேயே முடிவு செய்தோம். மின் சிக்கனம் தொடர்பான வேலை செய்பவன் என்பதால் இந்தக் கட்டத்தில்தான் குடும்பத்தினர் என்னை அழைத்தார்கள்.

ஐயங்களும் அவற்றை விலக்கிய விதமும்

வீட்டில் அறையைக் குளிரூட்டும் ஏசி ஒன்று உண்டு. அது கூடுதலாக ஓடியிருக்கலாம் என்பதே முதலில் எழும் ஐயம். ஆனால் அந்த ஏசி மகளின் அறையில் உள்ளது; 2024 ஆகஸ்டில் மூன்று வாரங்கள் அவர் வெளியூரில் இருந்தார். ஏசியின் பங்கு குறைந்திருக்க வேண்டுமே தவிரக் கூடியிருக்க இடமில்லை. வேறு புதிய சாதனம் எதுவும் வீட்டுக்கு வரவில்லை. மீட்டர் வேகமாக ஓடுகிறது என்ற பேச்சு அடுக்ககத்தில் வழக்கம்போல எழுந்தது. அதைச் சோதிக்கும் வழி கீழே வருகிறது.

இவற்றைக் காட்டிலும் திசைதிருப்பக்கூடியதாக இருந்தது எலக்ட்ரீசியனின் அளவீடு. குடும்பத்தினர் அழைத்ததன் பேரில் வந்த அவர், பெட்டியில் இணைத்திருந்த எல்லாச் சாதனங்களையும் கழற்றிவிட்டு, பெட்டிக்குச் செல்லும் கம்பியில் கிளாம்ப் மீட்டரை மாட்டிப் பார்த்தார். “அரை ஆம்பியர் காட்டுது சார். சும்மா இருக்கும்போதே நூத்தி இருபது வாட் இழுக்குது. திருப்பிக் கொடுத்துடுங்க” என்றார். அரை ஆம்பியரை 236 வோல்ட்டால் பெருக்கினால் 118 வருகிறது, பெருக்கலில் தவறில்லை. அதை நம்பினால் பெட்டி தன் பசிக்கு மட்டும் இரண்டு மாதங்களில் 170 யூனிட்டுக்கு மேல் விழுங்குகிறது என்று ஆகும்.

ஆனால் கூடியது 43 யூனிட்தான். பேனல் துளியும் தரவில்லை என்றால் கூடுதல் 170 ஆக இருந்திருக்க வேண்டும். இரண்டு எண்களும் ஒத்துப்போகாத இந்த இடத்தில்தான் சாதாரண கிளாம்ப் மீட்டரின் வரம்பு தெரிகிறது. அது மின்னோட்டத்தை மட்டுமே அளக்கும். அந்த மின்னோட்டம் மின்னழுத்தத்தோடு ஒத்திசைந்து வேலை செய்கிறதா என்பது அதற்குத் தெரியாது. இத்தகைய பெட்டிகளின் உள்ளீட்டில், மின்காந்த இரைச்சலை வடிகட்டுவதற்கான மின்தேக்கிகள் இருக்கின்றன. சுமை இல்லாத நேரத்தில் பெட்டிக்குள் செல்லும் மின்னோட்டத்தில் பெரும்பகுதி இந்த மின்தேக்கிகளுக்குள் போய் உடனே திரும்பி வருவதுதான். வீட்டு மீட்டர் உண்மையான ஆற்றலை மட்டுமே யூனிட்டாகக் கணக்கிடுவதால் அந்தப் போக்குவரத்துக்குக் கட்டணம் கிடையாது. எலக்ட்ரீசியன் தன் தொழிலில் கவனமானவர். மோட்டாருக்கும் கீசருக்கும் நெடுங்காலமாக உதவிய அளவீட்டு முறை இந்தப் பெட்டிக்குப் பொருந்தவில்லை, அவ்வளவுதான்.

அளவீடு

பெட்டியைத் திருப்பிக் கொடுக்கும் முடிவை ஒத்திவைத்துவிட்டு, முதலில் அளந்து பார்ப்பது என்று ஒப்புக்கொண்டோம். மகளுக்கு இதில் தயக்கம் இருந்தது. திருப்பிக் கொடுக்கும் கெடு முடிந்துவிடுமோ என்பது அவர் கவலை. விற்றவருக்கு எழுத்து மூலம் ஒரு புகார் அனுப்பி அதற்கு ஒப்புகை வாங்கி வைத்துக்கொண்ட பிறகே அளவீட்டைத் தொடங்கினோம்.

பிளக்குக்கும் பெட்டிக்கும் நடுவே செருகும் 16 ஆம்பியர் மின் அளவி ஒன்றைப் பொருத்தினோம். ஆன்லைனில் எளிதாகக் கிடைக்கும் இந்தக் கருவி வோல்ட், ஆம்பியர், வாட், பவர் ஃபேக்டர், மொத்த யூனிட் ஆகியவற்றைக் காட்டும். சாதனங்கள் எதுவும் இணைக்கப்படாமல், ஏசி வெளியீடு இயங்கும் நிலையில் பெட்டி இழுத்தது 26 வாட். பவர் ஃபேக்டர், அதாவது உள்ளே செல்லும் மின்னோட்டத்தில் உண்மையில் வேலை செய்யும் பங்கு, 0.22. அதே கருவியில் ஆம்பியர் 0.5 என்றே காட்டியது. எலக்ட்ரீசியன் கண்ட 118க்கும் உண்மையான 26க்கும் உள்ள வேறுபாடு இந்த 0.22தான். ஒரு முழு நாள் அப்படியே விட்டபோது திரட்டல் 0.63 யூனிட். ஏசி வெளியீட்டின் பொத்தானை அணைத்துவிட்டால் இழுப்பது 9 வாட்டாகக் குறைந்தது.

மின் அளவியே தவறாகக் காட்டக்கூடும் என்பதால் வாரியத்தின் மீட்டரைக் கொண்டே ஒருமுறை சரிபார்த்தோம். இப்போதுள்ள டிஜிட்டல் மீட்டர்களின் முகப்பில் சிறிய சிவப்பு விளக்கு ஒன்று மினுக்கும். ஒரு யூனிட்டுக்கு அது எத்தனை முறை மினுக்கும் என்பது அருகிலேயே அச்சிடப்பட்டிருக்கும். இந்த வீட்டின் மீட்டரில் அது 3,200. வீட்டுக்குள் பெட்டி இருக்கும் சர்க்யூட்டைத் தவிர மற்ற எல்லா எம்சிபிக்களையும் (சர்க்யூட்டைத் துண்டிக்கும் சுவிட்சுகள்) மகள் இறக்கிவிட்டு, அதைத் தொலைபேசியில் உறுதி செய்தார். ஆசிரியர் தரைத்தளத்து மீட்டர் அறையில் நின்று கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு மினுக்கலுக்கும் அடுத்ததற்கும் இடையே 43 விநாடிகள். ஒரு மினுக்கல் என்பது 0.3125 வாட்-மணி, அதை 43 விநாடிகளுக்குப் பரப்பினால் 26 வாட்டே வருகிறது. தனித்தனியான இரண்டு கருவிகள் ஒரே எண்ணைச் சொன்னதால் மீட்டர் வேகமாக ஓடுகிறது என்ற ஐயமும் அத்துடன் முடிந்தது. கையில் எந்தக் கருவியும் இல்லாதவர்கள்கூடச் செய்யக்கூடிய சோதனை இது. எம்சிபியை இறக்குவதற்கு முன் கணினி போன்றவற்றை முறைப்படி அணைத்துவிட்டால் போதும்.

26 வாட் என்பது சிறிய எண்ணாகத் தோன்றலாம். 24 மணி நேரமும் அணையாத 26 வாட், 62 நாட்களில் 39 யூனிட். கூடியிருந்த 43இல் இதுவே பெரும்பகுதி. மீதியை அவ்வப்போது நேர்ந்த மின்தடைகளுக்குப் பிறகு பேட்டரியை மீண்டும் நிரப்பியதில் ஏற்பட்ட இழப்புக்கும் அன்றாட ஏற்ற இறக்கத்துக்கும் விட்டுவிடலாம்.

ஆனால் இது பாதி விடைதான். பெட்டி தனக்கென்று 39 யூனிட் எடுத்துக்கொண்டாலும், பேனல்கள் தந்தவை அதைக் காட்டிலும் பலமடங்கு இருந்திருக்க வேண்டுமே. அவை எங்கே போயின?

சூரியன் போன இடம்

செப்டம்பர் மாதத்தில் மேகமற்ற ஒரு நாளின் நண்பகலில் பெட்டிக்கான கைபேசிச் செயலியைத் திறந்து பார்த்தோம். பேட்டரி 100 சதவீதம். ஏசி உள்ளீடு 170 வாட். வெளியீடு 143 வாட். சோலார் பூஜ்யம். பேனல் பகுதியைத் தொட்டு விவரத்தை விரித்தபோது 84 வோல்ட், 0.0 ஆம்பியர் என்று காட்டியது. மாடியில் பேனலின் கண்ணாடி கை வைக்க முடியாத சூட்டில் இருந்தது. நிழல் எதுவும் இல்லை.

வோல்ட் இருக்கிறது, ஆம்பியர் இல்லை என்றால், பேனலும் கம்பியும் நல்ல நிலையில் இருக்கின்றன, ஆனால் யாரும் அதிலிருந்து மின்சாரம் எடுக்கவில்லை என்று பொருள். இதை உறுதி செய்ய பெட்டியின் பிளக்கைச் சுவரிலிருந்து உருவினோம். ஃபிரிட்ஜ் நிற்காமல் ஓடியது. ஒரு நிமிடத்துக்குள் செயலியில் சோலார் 168 வாட்டுக்கு ஏறியது, வெளியீடு அதே 143, இடைவெளி 25. பிளக்கை மீண்டும் செருகியதும் சோலார் பூஜ்யத்துக்கு இறங்கியது.

பெட்டி தன் வேலையைச் சரியாகவே செய்துகொண்டிருந்தது. பொருத்தியவர் அதை மின்தடைக்காலக் காப்பு முறையில் விட்டுச் சென்றிருந்தார். ஆலையிலிருந்து வரும்போதே அமைந்திருப்பதும் அந்த முறைதான். அம்முறையில் வாரிய மின்சாரம் இருக்கும்வரை பெட்டிக்குள் இருக்கும் ரிலே என்ற தானியங்கிச் சுவிட்ச் அதை நேராகச் சாதனங்களுக்குக் கடத்திவிடும். பேட்டரியை எப்போதும் 100 சதவீதத்தில் வைத்திருக்கும். மின்சாரம் நின்றால் கண் இமைப்பதற்குள் இன்வெர்ட்டருக்கு மாறிக்கொள்ளும். அந்த விரைவுக்காக இன்வெர்ட்டரின் கட்டுப்பாட்டுச் சுற்று எந்நேரமும் விழிப்பாக இருக்க வேண்டும். 26 வாட்டில் பெரும்பகுதி இந்தக் காவலுக்கான கூலி. சோலார் மின்சாரம் இந்த அமைப்பில் பேட்டரியை நிரப்புவதற்கு மட்டுமே பயன்படும். பேட்டரியோ இரவிலேயே வாரிய மின்சாரத்தால் நிரம்பியிருக்கும். காலையில் சூரியன் உதிக்கும்போது அதை வைக்கப் பெட்டியில் இடமில்லை.

ஆக, குடும்பம் ஒரே பெட்டியிடம் இரண்டு வேலைகளைக் கேட்டிருந்தது. எந்நேரமும் நிரம்பியிரு என்பது ஒன்று; பகல் வெயிலை வாங்கிக்கொள் என்பது மற்றொன்று. நிரம்பிய பேட்டரி வெயிலை வாங்க முடியாது. வெயிலுக்கு இடம் விட்ட பேட்டரி புயல் நாளுக்கு முழுமையாக நிற்காது. எந்த அளவில் எதை விட்டுக்கொடுப்பது என்பதை வீட்டில் உள்ளவர்கள்தான் தீர்மானிக்க வேண்டும். பெட்டி அதைத் தானாகத் தீர்மானிக்காது. விற்பனையாளர்கள் இந்த இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லி விற்பதே இத்தகைய ஏமாற்றங்களின் ஊற்று என்பது என் எண்ணம்.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

முதல் யோசனை ஆசிரியருடையது. பெட்டியின் பிளக்கில் ஒரு டைமரைப் பொருத்தி, காலை 9 முதல் மாலை 5 வரை வாரிய மின்சாரத்தைத் துண்டித்துவிட்டால் பெட்டி வேறு வழியின்றிச் சூரியனை எடுத்துக்கொள்ளும் அல்லவா என்று கேட்டார். கொள்கையளவில் அது வேலை செய்யும். வேறு முறைகள் இல்லாத மலிவான பெட்டிகளுக்கு அது ஒன்றே வழியும்கூட. ஆனால் மேகமூட்டமான நாளில் பேட்டரி தீர்ந்து, சுவரில் மின்சாரம் இருந்தும் ஃபிரிட்ஜ் நிற்கும் நிலை வரக்கூடும். இன்சுலின் இருக்கும் வீட்டில் அந்த அபாயத்தை ஏற்க வேண்டியதில்லை என்று அதைக் கைவிட்டோம்.

செயலியில் சூரிய ஒளிக்கு முன்னுரிமை தரும் முறை ஒன்று இருந்தது. அதில் ஓர் இருப்பு அளவை நிர்ணயித்துவிட்டால், பேட்டரி அந்த அளவுக்கு மேல் இருக்கும்வரை சாதனங்கள் சூரியனிலும் பேட்டரியிலும் ஓடும். அந்த அளவுக்கு இறங்கியதும் வாரிய மின்சாரத்துக்கு மாறும். வாரிய மின்சாரத்தால் அந்த இருப்பு அளவுக்கு மேல் பேட்டரியை நிரப்ப வேண்டாம் என்றும் கட்டளை இட முடிந்தது. இந்த முறையையே தேர்ந்தெடுத்தோம். நீண்ட நேரம் விவாதித்தது இருப்பு எத்தனை சதவீதம் என்பதைப் பற்றித்தான்.

ஃபிரிட்ஜின் சராசரி 46 வாட். பெட்டியின் சொந்தச் செலவு 26. இரண்டும் சேர்ந்து 72. பேட்டரியில் உண்மையில் எடுக்கக்கூடியது ஏறத்தாழ 1,800 வாட்-மணி என்று வைத்தால், முழு இருப்பில் ஃபிரிட்ஜ் ஒரு நாளைக்குச் சற்று மேல் ஓடும். 40 சதவீத இருப்பில் பத்து மணி நேரம். அந்தப் பகுதியில் வழக்கமான மின்தடைகள் ஓரிரு மணி நேரத்தில் சரியாகிவிடுபவை. மாதாந்திரப் பராமரிப்புக்காக முன்கூட்டியே அறிவித்து நிறுத்தப்படும் மின்சாரமும் பொதுவாகக் காலை 9 முதல் பிற்பகல் 2 வரைதான். இரண்டுக்கும் 40 சதவீதம் தாராளம். மழைக்காலத்தின் கணக்கு வேறு. ஆகவே அக்டோபர் நடுவிலிருந்து டிசம்பர் இறுதிவரை, வடகிழக்குப் பருவமழை நீடிக்கும் காலத்தில், பழைய காப்பு முறையில் 100 சதவீதம். மற்ற மாதங்களில் சூரிய முறையில் 40 சதவீதம் என்று முடிவானது. மழை மாதங்களில் மிச்சப்படாத யூனிட்டுகள் காப்பீட்டுத் தவணை போன்றவை என்று ஆசிரியரின் மனைவி சொன்னதை எல்லோரும் ஏற்றுக்கொண்டோம்.

ரூட்டரைப் பெட்டியிலிருந்து கழற்றி, 12 வோல்ட் நேர்மின்சாரம் தரும் சிறிய மினி யுபிஎஸ் ஒன்றுக்கு மாற்றினோம். நேர்மின்சாரத்தில் ஓடும் ஒரு சிறு கருவிக்காகப் பேட்டரியின் மின்சாரத்தை 230 வோல்ட்டுக்கு ஏற்றி, பிறகு அதன் அடாப்டரில் மீண்டும் 12 வோல்ட்டுக்கு இறக்குவது வீண்வேலை. இதனால் புயல் நாளில் ஃபிரிட்ஜுக்குக் கிடைக்கும் நேரமும் சற்று நீண்டது.

வாரிய மின்சாரத்தில் சார்ஜ் ஆகும் வேகத்தை 1,200 வாட்டிலிருந்து 400க்குக் குறைத்தோம். இது யூனிட்டைக் குறைப்பதற்கான ஏற்பாடு அன்று. மெதுவாக ஏற்றினால் யூனிட் குறையும் என்று பலர் நினைக்கிறார்கள். பேட்டரிக்குள் போக வேண்டிய அளவு ஒன்றே என்பதால் யூனிட்டில் குறிப்பிடத்தக்க மாற்றம் இராது. மின்சாரம் திரும்பி வரும் கணத்தில் அறை ஏசி, ஃபிரிட்ஜ், பெட்டி மூன்றும் ஒருசேர இழுப்பதைத் தவிர்ப்பதே இதன் நோக்கம்.

பெட்டியைத் திருப்பிக் கொடுக்க வேண்டாம் என்பது இவற்றுக்கெல்லாம் பிறகு தானாகவே முடிவாயிற்று. 26 வாட் என்பதைக் குறைக்க வழியுண்டா என்று தயாரிப்பாளரின் சேவைப் பிரிவுக்கு எழுதிக் கேட்டதற்கு, அது இயல்பான அளவுதான் என்று பதில் வந்தது. இந்தக் கொள்ளளவுள்ள பெட்டிகளில் அது வழக்கத்துக்கு மாறான எண் இல்லைதான். ஆனால் பெட்டியுடன் வந்த விவரத்தாளில் கொள்ளளவும் அதிகபட்ச வெளியீடும் பெரிய எழுத்தில் இருக்க, இந்த எண் எங்குமே இல்லை.

பின்னர் நடந்தவை

செப்டம்பர் நடுவில் முறையை மாற்றிய மறுநாளே வேறுபாடு தெரிந்தது. நண்பகலில் செயலி 67 வோல்ட், 6.9 ஆம்பியர், 462 வாட் என்று காட்டியது. முன்பு 84 வோல்ட்டில் சும்மா நின்ற அதே பேனல்கள்தான் இவை. மின்சாரம் எடுக்கத் தொடங்கியதும் வோல்ட் இறங்குவது இயல்பு. வோல்ட் உயர்ந்தும் ஆம்பியர் பூஜ்யமாகவும் இருந்தால் ஐயப்பட வேண்டும் என்பதை மகள் அதன் பிறகு தன் அலுவலக நண்பர்கள் சிலருக்கும் சொல்லியிருக்கிறார். அவர்களில் ஒருவர் வீட்டில் இதே நிலை இருந்ததாம்.

பிற்பகல் மூன்று மணிக்குப் பிறகு எண்கள் சட்டென்று விழுந்தன. தண்ணீர்த் தொட்டியின் நிழல் பேனல் ஒன்றின் மூலையைத் தொடும் நேரம் அது. இரண்டு பேனல்களும் தொடராக இணைக்கப்பட்டிருந்ததால் ஒன்றின் மீது விழுந்த நிழல் இணைப்பு முழுவதையும் பாதித்தது. காப்பு முறையில் இருந்தவரை பேனல் எதுவுமே தராததால் இந்தக் குறை வெளியே தெரிய வாய்ப்பே இல்லாமல் போயிருந்தது.

அக்டோபர் நடுவில் திட்டமிட்டபடி முழு இருப்புக்கு மாற்றினார்கள். நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரை கடந்த நாளில், சென்னையிலும் பெருமழை பெய்தது. அன்று நண்பகல் நின்ற மின்சாரம் இவர்கள் தெருவுக்கு மறுநாள் அதிகாலையில்தான் திரும்பியது. ஏறத்தாழ பதினாறு மணி நேரத்தில் பேட்டரி 100இலிருந்து 38 சதவீதத்துக்கு இறங்கியிருந்தது. ஃபிரிட்ஜ் ஒரு கணமும் நிற்கவில்லை. 40 சதவீத இருப்பில் தொடங்கியிருந்தால் இரவு பத்து மணியளவில் தீர்ந்திருக்கும். பெட்டி எதற்காக வாங்கப்பட்டதோ அந்த வேலையை அந்த ஓர் இரவில் செய்து முடித்தது என்பதையும் இந்தப் பதிவில் குறிப்பிட்டாக வேண்டும். இல்லையென்றால் இது வெறும் நட்டக் கணக்காகப் படும்.

நவம்பர், டிசம்பர் ரீடிங்கை முந்தைய ஆண்டுடன் ஒப்பிட முடியாது. 2023இல் அதே மாதங்களில் மிக்ஜாம் காரணமாகப் பல நாட்கள் மின்சாரமே இல்லை. முதல் முறையான ஒப்பீடு 2025 ஜனவரி, பிப்ரவரியில் கிடைத்தது. 2024இல் இதே மாதங்களில் 361, இப்போது 312. குறைந்தது 49 யூனிட்.

விற்றவர் சொன்ன 150க்கு இது மூன்றில் ஒரு பங்குதான். கணக்கு எங்கே கரைகிறது என்பதை இப்போது சொல்ல முடிகிறது. தொட்டி நிழலும், பேட்டரி நிரம்பிய பிறகு பிற்பகலில் வாங்க ஆளில்லாமல் நிற்கும் வெயிலும் போக, பேனல்களிலிருந்து பெட்டிக்குள் வந்தது நாளொன்றுக்கு 1.7 யூனிட். அது 230 வோல்ட்டாக மாறி வெளியேறும்போது ஒன்றரை ஆகிறது. அதில் 0.63ஐப் பெட்டி தானே உண்கிறது. எஞ்சுவது 0.87 யூனிட், 59 நாட்களுக்கு 51. மீட்டர் காட்டிய 49க்கு இது போதுமான அளவு நெருக்கம்.

பெட்டியின் விலையை இந்தச் சேமிப்பால் மட்டும் திரும்ப எடுக்க முடியுமா என்று ஆசிரியர் கேட்டார். முடியாது என்றே சொன்னேன். 500 யூனிட் கோட்டுக்குக் கீழே வீட்டை வைத்திருக்கும் இரு மாதக் காலங்களில் சேமிப்பின் மதிப்பு சற்றுக் கூடும். அப்போதும் பேட்டரியின் ஆயுளுக்குள் முழு விலையும் ஈடாகாது. மின்தடைக்கான காப்பு என்ற அளவில் அந்தச் செலவு தகுமா என்பதே இவர்கள் கேட்டுக்கொள்ள வேண்டியிருந்த கேள்வி. தகும் என்பது அவர்கள் முடிவு.

அடுத்த முறை மாற்றிச் செய்ய வேண்டியவை

வாங்கும் முன்பே, சுமை இல்லாத நிலையில் பெட்டி எத்தனை வாட் எடுக்கும் என்பதை விற்பவரிடம் எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும். ஏசி வெளியீடு இயங்கும் நிலையிலும் அணைந்த நிலையிலும் தனித்தனியே இரண்டு எண்கள் வேண்டும். ஒன்றை மட்டும் தந்தால் அது பெரும்பாலும் அணைந்த நிலைக்கானதாகவே இருக்கும்.

பொருத்திய அன்றே வாரிய மீட்டரின் எண்ணைக் குறித்து வைத்து, ஒரு வாரம் கழித்து மீண்டும் பார்த்திருந்தால் இரண்டு மாதம் காத்திருக்க நேர்ந்திருக்காது. 500ஐத் தாண்டிய அந்த ஒரு பில்லும் தவிர்ந்திருக்கும். பிளக்கில் செருகும் மின் அளவியையும் முதல் நாளிலிருந்தே வைத்திருக்கலாம். ஆனால் இத்தகைய பெட்டி 1,200 வாட்டில் பல மணி நேரம் இழுக்கக்கூடியது என்பதால், 6 ஆம்பியருக்கான மலிவான அளவியைப் பயன்படுத்தக் கூடாது.

பேனல் வைக்கும் இடத்தைக் காலை வெயிலில் மட்டும் பார்த்து முடிவு செய்தார்கள். மாலை நான்கு மணிக்கு ஒருமுறை மாடிக்குப் போய் நிழல் எங்கே விழுகிறது என்று பார்த்திருந்தால் தொட்டியின் மறுபுறத்தைத் தேர்ந்தெடுத்திருப்பார்கள். இப்போது இடம் மாற்றச் சங்கத்தின் ஒப்புதலை மீண்டும் பெற வேண்டியிருக்கிறது, விண்ணப்பம் கொடுத்திருக்கிறார்கள்.

மார்ச் மாதத்தில் செயலி ஒரு புதுப்பிப்பைக் கேட்டது. புதுப்பித்ததும் பெட்டி ஓசையின்றிக் காப்பு முறைக்கே திரும்பிவிட்டது. ஒரு வாரம் கழித்து மின் அளவியின் எண் வழக்கத்துக்கு மேல் ஏறியிருப்பதைக் கண்ட பிறகே அது தெரிந்தது. முறை, இருப்புச் சதவீதம், சார்ஜ் வேகம், மாற்ற வேண்டிய மாதங்கள் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதிப் பெட்டியின் பக்கவாட்டில் ஒட்டியிருக்கிறார்கள். ஒவ்வொரு புதுப்பிப்புக்குப் பிறகும், வாரியத்திலிருந்து ரீடிங் எடுக்க வரும் வாரத்திலும் அந்தத் தாளையும் செயலியையும் ஒப்பிட்டுப் பார்ப்பது மகளின் பொறுப்பு.